‘மிக்ரேன்’ எங்கிருந்து வந்தது? பிரெஞ்சு மருத்துவச் சொல்லின் வேரைத் தேட ஒரு வழிகாட்டி

பாரிசில் புதிதாகக் குடியேறிய ஓர் ஈழத்து அக்கா, நரம்பியல் மருத்துவர் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நாலைந்து வரிக் கடிதம். நடுவில் இருந்த ஒரு வரிதான் அவரைப் பயமுறுத்தியிருந்தது: ‘செஃபலே எமிக்ரானியென் புல்சத்தில், அவெக் ஃபோத்தோஃபோபி, ஃபோனோஃபோபி, நோசே.’

“எனக்குத் தலையிடிதானே தம்பி? இதென்ன இவ்வளவு வருத்தத்தின்ட பேர் எழுதிக் கிடக்கு?”

அந்த வரியில் இருந்தது முழுக்க அவருடைய தலையிடிதான். பாதித் தலையில் விண்விண்ணென்று தெறிக்கிற வலி, வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, குமட்டல் உண்டு. கடைசியில் மருத்துவர் போட்டிருந்த பெயர் ‘மிக்ரேன்’. ஆங்கில வழியில் நாம் மைக்ரேன் என்று சொல்வதும், தமிழில் ஒற்றைத் தலைவலி என்று சொல்வதும் இதைத்தான்.

பிரெஞ்சில் செவிலியர் படிப்புக்குப் போகிற பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்களோடு மருத்துவமனைக்குத் துணைக்குப் போகிறவர்கள், மொழிபெயர்ப்பில் இறங்குகிறவர்கள், எல்லோருக்கும் இந்தச் சொற்கள் முதலில் மலையாகத்தான் தெரிகின்றன. இவை நம் கரைக்குப் புதியவையும் அல்ல. புதுச்சேரியில் 1823-இல் பிரெஞ்சு ஆட்சி தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் பிற்காலத்தில் ஜிப்மர் ஆனது. இந்தச் சொற்களை மனப்பாடம் செய்து கரையேற முடியாது. பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும். தமிழ் பேசுகிறவருக்கு அது பிரெஞ்சுக்காரரைவிடவும் எளிது என்று உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று இரண்டாம் படியில் சொல்கிறேன்.

முதல் படி: காதை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள்

பிரெஞ்சில் எச் எழுத்துக்கு ஒலி கிடையாது. ‘எமி’ என்று காதில் விழுவது எழுத்தில் எச்-சோடுதான் தொடங்கும். கிரேக்கத்தில் அது ‘ஹெமி’, அதாவது பாதி. காதை மட்டும் நம்பினால் அகராதியில் ஈ எழுத்தின் கீழே தேடித் தேடி அலுத்துப்போவீர்கள். எனவே சொல்லை முதலில் எழுத்துக்கு எழுத்து காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கிரேக்க அடையாளங்களைத் தேடுங்கள். பி-யும் எச்-சும் சேர்ந்து ‘ஃப’ என்று ஒலித்தாலும், டி-யோடு எச் ஒட்டியிருந்தாலும், ஆர்-ஐ அடுத்து எச் வந்தாலும், சி-யும் எச்-சும் சேர்ந்து ‘க’ என்று ஒலித்தாலும் அந்தச் சொல் பெரும்பாலும் கிரேக்கம்தான். ரோமானியர்கள் கிரேக்கச் சொற்களைக் கடன் வாங்கியபோது, தங்கள் மொழியில் இல்லாத ஒலிகளுக்காக ஏற்படுத்திய எழுத்துக்கூட்டு இது. ஸ்பானிய மொழி இதையெல்லாம் ஒழித்துவிட்டு மருந்துக்கடையை எஃப் போட்டு எழுதுகிறது. பிரெஞ்சு இன்றுவரை பி-எச் போட்டே எழுதுகிறது. படிக்கிற பிள்ளைக்கு அது தொல்லை, வேர் தேடுகிறவருக்கு அது புதையல்.

ஒய் எழுத்தும் அப்படித்தான். பிரெஞ்சில் அந்த எழுத்தின் பெயரே ‘ஈ கிரெக்’, அதாவது கிரேக்க ஈ (ஆங்கில ஐ எழுத்தைப் பிரெஞ்சில் ஈ என்பார்கள்).

இரண்டாம் படி: வாலிலிருந்து தொடங்குங்கள்

தலைவலி என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இதில் முதன்மைச் சொல் வலி, அது கடைசியில் நிற்கிறது. எங்கே வலி என்பதைச் சொல்லும் ‘தலை’ முன்னால் நிற்கிறது. கிரேக்கக் கூட்டுச்சொல்லும் இதே வரிசையில்தான் வரும். ‘கெஃபலே’ என்றால் தலை, ‘அல்கோஸ்’ என்றால் வலி. சேர்த்தால் பிரெஞ்சில் ‘செஃபலால்ஜி’. தலை, வலி. ஒரு எழுத்துக்கூட இடம் மாற வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரர் வீட்டில் பேசும்போது இது தலைகீழாகிவிடும். ‘மால் த தெத்’, அதாவது முதலில் வலி, பிறகு தலை. ஆகவே மருத்துவச் சொல்லைப் பார்க்கும் பிரெஞ்சுக் குழந்தை தன் பேச்சு வரிசையைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நமக்கு அந்த வேலையே இல்லை. பல்வலி, வயிற்றுவலி, மூட்டுவலி என்று பிறந்தது முதல் நாம் கிரேக்க வரிசையில்தான் நோயைச் சொல்லி வருகிறோம்.

எனவே முதலில் வாலைப் பிடியுங்கள். ‘அல்ஜி’ என்று முடிந்தால் வலி. ‘ஸ்கோபி’ என்று முடிந்தால் பார்த்துச் சோதிப்பது. ‘தோமி’ என்றால் அறுப்பது, ‘எக்தோமி’ என்றால் அறுத்து வெளியே எடுப்பது. ‘ராஜி’ என்றால் பீறிடுவது, ‘எமி’ என்று முடிந்தால் இரத்தம் சம்பந்தப்பட்டது. இந்தக் கடைசி ‘எமி’யையும் சொல்லின் தலையில் வரும் பாதி என்ற ‘எமி’யையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று தலையில் நிற்கும், மற்றது வாலில்.

அடிக்கடி வரும் வால் ‘இத்’. எபத்தித் (கல்லீரல்), ஆர்த்ரித் (மூட்டு), காஸ்த்ரித் (இரைப்பை) எல்லாம் அழற்சி நோய்கள். ஆனால் கிரேக்கத்தில் ‘இடிஸ்’ என்பதற்கு அழற்சி என்ற பொருளே கிடையாது. ‘அதைச் சேர்ந்த’ என்பதுதான் பொருள். ‘ஆர்த்ரிடிஸ் நோசோஸ்’ என்றால் மூட்டைச் சேர்ந்த நோய். நாளாவட்டத்தில் நோய் என்ற சொல் உதிர்ந்து, அடைமொழி மட்டும் நின்றுவிட்டது. கல்யாணத்துக்குக் ‘காஞ்சிபுரம்’ கட்டியிருந்தாள் என்று சொல்கிறோமே, பட்டும் சேலையும் உதிர்ந்துபோய் ஊர்ப்பெயர் மட்டும் நிற்கிறதே, அதே மாதிரி. அழற்சி என்ற தனிப்பொருள் பிற்கால மருத்துவர்கள் ஏற்றியது.

மூன்றாம் படி: ஒட்டைப் பிரியுங்கள்

நம் இலக்கணத்தில் புணர்ச்சி இருப்பதுபோல இங்கும் உண்டு. இரண்டு கிரேக்கத் துண்டுகளுக்கு நடுவில் பெரும்பாலும் ஓர் ‘ஓ’ வந்து ஒட்டும். அடுத்த துண்டு உயிரெழுத்தில் தொடங்கினால் அந்த ‘ஓ’ பெரும்பாலும் விழுந்துவிடும். இரைப்பைக்கு உரிய ‘காஸ்த்ர்’, வாலோடு சேரும்போது காஸ்த்ரித் ஆகிறது. நடுவில் ‘ஓ’ தெரிந்தால் அங்கே கோடு போடுங்கள்.

சொல்லின் நடுவில் எச் பெரும்பாலும் காணாமல் போகும். கிரேக்கத்தில் இரத்தம் ‘ஹைமா’. சொல்லின் முதலில் வந்தால் எச் எழுத்தில் நிற்கும், வாலில் வந்தால் அதுவும் போய் வெறும் ‘எமி’ ஆகிவிடும். இரத்தசோகையைக் குறிக்கும் ‘அனெமி’யில் முன்னால் இருப்பது ‘அன்’, அதாவது இல்லை. மெய்யெழுத்துக்கு முன்னால் அது வெறும் ‘அ’வாக வரும், உயிருக்கு முன்னால் ‘அன்’ ஆகும். இது நமக்குப் பழகிய கணக்குதான். அசைவத்தில் ‘அ’, அநேகத்தில் ‘அன்’ (அன், ஏகம்). வடமொழியும் கிரேக்கமும் ஒரே குடும்பம் என்பதால், வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த சொற்களே இங்கே நமக்குத் துணை நிற்கின்றன.

இன்னொரு துணையும் உண்டு. வடமொழியிலும் லத்தீனிலும் ‘ச’ இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் பல சொற்களில் ‘ஹ’ இருக்கும். ஏழு என்பது வடமொழியில் சப்த, லத்தீனில் செப்தெம், கிரேக்கத்தில் ஹெப்தா. உறக்கம் அல்லது கனவு வடமொழியில் ஸ்வப்னம், நாம் சொப்பனம் என்போம். கிரேக்கத்தில் உறக்கம் ஹிப்னோஸ். அதே கணக்கில்தான் லத்தீன் ‘செமி’யும் கிரேக்க ‘ஹெமி’யும். இரண்டும் பாதி.

நான்காம் படி: சொல் எந்தத் தளத்தில் இருக்கிறது?

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பிரெஞ்சில் ஓர் உறுப்புக்கு ஒரே பெயர் இருக்காது. தோலை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சில் ‘போ’. அது லத்தீன் ‘பெல்லிஸ்’ வாயில் உருண்டு தேய்ந்த வடிவம். தோல் சம்பந்தப்பட்ட என்று எழுத்தில் சொல்ல ‘க்யுத்தானே’. அது இன்னொரு லத்தீன் சொல்லான ‘குடிஸ்’ஸிலிருந்து படித்தவர்கள் எடுத்தது. தோல் மருத்துவத் துறைக்கு வந்தால் கிரேக்கத்தின் ‘தெர்மா’. ஒரே தோல், மூன்று தளம்: வாய், லத்தீன் ஏடு, கிரேக்க ஏடு.

கல்லீரலின் கதை இன்னும் அருமையானது. வாத்தின் ஈரல் கொழுக்க அதற்கு அத்திப்பழம் ஊட்டும் வழக்கம் பண்டைக் காலத்தில் இருந்தது. அப்படிக் கொழுத்த ஈரலை கிரேக்கர்கள் ‘அத்தியிட்ட ஈரல்’ என்ற பொருளில் ‘ஹெபார் சிகோடோன்’ என்றார்கள். ரோமானியர்கள் அதையே ‘யேகுர் ஃபிகாதும்’ என்று மொழிபெயர்த்தார்கள். யேகுர் ஈரல், ஃபிகாதும் அத்தியிட்டது. பிறகு காஞ்சிபுரம் சேலைக்கு நடந்ததுதான் இதற்கும் நடந்தது. ஈரலைக் குறித்த சொல் உதிர்ந்து, அத்தி மட்டும் எஞ்சியது. அந்த ஃபிகாதும் தேய்ந்து இன்றைய பிரெஞ்சில் ‘ஃபுவா’. மனித உடம்பில் இருக்கும் கல்லீரலுக்கும் அதே சொல்தான். ஆனால் அதில் நோய் வந்துவிட்டால் மருத்துவர் கிரேக்க ‘ஹெபார்’ பக்கம் போய் ‘எபத்தித்’ என்று எழுதுகிறார். ஃபுவாவுக்கும் எபத்தித்துக்கும் ஒலியில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இரண்டு தளங்கள் இருப்பது தெரிந்தால்தான் இவை ஒரே உறுப்பைச் சொல்வது புரியும்.

சில சமயம் ஒரே கிரேக்கச் சொல் இரண்டு வழியாகவும் வந்திருக்கும். தொண்டையின் இரு பக்கமும் இருக்கும் டான்சில் பிரெஞ்சில் ‘அமிக்தல்’. கிரேக்கத்தில் அது வாதுமைக் கொட்டை. கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்த்தால் பெயர் வைத்தவரின் கண் தெரியும்; அளவும் வடிவும் பாதாம்தான். கடையில் வாங்கும் பாதாமுக்குப் பிரெஞ்சில் ‘அமாந்த்’. அதுவும் இதே கிரேக்கச் சொல்தான், லத்தீன் வழியாக மக்கள் வாயில் உருமாறி வந்தது.

ஐந்தாம் படி: தேய்ந்த சொல்லுக்குப் பழைய முகத்தைத் தேடுங்கள்

இனி நம் மிக்ரேனுக்கு வருவோம். மேலே சொன்ன எந்த அடையாளமும் இதில் இல்லை. பி-எச் இல்லை, ஒய் இல்லை, தெரிந்த வாலும் இல்லை. பச்சைப் பிரெஞ்சுச் சொல் போலவே நிற்கிறது. ஆனால் இது கிரேக்கம்.

பெர்காமோனில் பிறந்து ரோமில் புகழ்பெற்ற மருத்துவர் கேலன், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தலையின் ஒரு பக்கத்தில் வரும் வலியை ‘ஹெமிக்ரானியா’ என்று எழுதினார். ஹெமி, பாதி. கிரானியோன், மண்டையோடு. ரோமில் இருந்தாலும் அவர் எழுதியது கிரேக்கத்தில்தான். அன்று மருத்துவத்தின் மொழி அதுதான். லத்தீன் அதை அப்படியே ‘ஹெமிக்ரானியா’ என்று எடுத்துக்கொண்டது. அது மக்கள் வாய்க்குள் போனபோது இரண்டு காரியங்கள் நடந்தன.

முதலில், தலையில் இருந்த ‘ஹெ’ விழுந்தது. நன்னூல் படித்தவருக்கு இது முதற்குறை. தாமரை செய்யுளில் ‘மரை’ ஆகிறதே, அதுதான். பாதி என்று சொல்லவந்த முன்னொட்டே பாதியாகிப்போனது.

இரண்டாவது, ‘க்ர’ என்பது மெலிந்து ‘க்’ இருந்த இடத்தில் ‘கங்கை’யின் நடுவில் வரும் மெலிந்த க-வின் ஒலி வந்தது; எழுத்தில் அது ஆங்கில ஜி. இது ஏதோ ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. புளிப்பான என்ற லத்தீன் ‘ஆக்ரெம்’ பிரெஞ்சில் ‘ஏக்ர்’ ஆனபோதும் இதே மெலிவு. திராட்சை மது புளித்தால் ‘வினேக்ர்’, நாம் வினிகர் என்கிறோம். மெலிந்த என்ற ‘மாக்ரும்’ ‘மேக்ர்’ ஆனதும் அப்படியே. ஒரு மாற்றத்தைக் கண்டால் அதே மாதிரி இன்னும் இரண்டு சொல்லாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அது விதி. கிடைக்காவிட்டால் உங்கள் ஊகத்தைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள்.

கதை அதோடு முடியவில்லை. ஏட்டு வழியாக அதே கிரேக்கச் சொல் முழு உடம்போடு பிரெஞ்சுக்குள் வந்தது: ‘எமிக்ரானி’. 1974-இல் நார்வே மருத்துவர்கள் ஷோஸ்தாத்தும் டாலேயும் ஒரு தனிவகைத் தலைவலியை விவரித்தார்கள். ஒரே பக்கத்தில், குறுகிய நேரத்துக்கு, ஒரே நாளில் பலமுறை வந்து தாக்கும் வலி. இண்டோமெத்தசின் என்ற மருந்துக்கு அடங்கும். அது இன்று ‘எமிக்ரானி பாரொக்சிஸ்தீக்’ வகையாக அறியப்படுகிறது. ஆகவே இன்றைய மருத்துவத்தில் மிக்ரேன் ஒரு நோய், எமிக்ரானி வேறொரு நோய். வேர் ஒன்றுதான். ஒன்று வாய் வழியாக வந்தது, மற்றது ஏட்டு வழியாக வந்தது. மருந்தும் வேறு. மொழிபெயர்க்கிறவர்கள் இரண்டையும் ‘ஒற்றைத் தலைவலி’ என்று எழுதிவிடாமல் இருக்க வேண்டும். இதை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன்.

கிரேக்கர் பாதி மண்டை என்றார்கள். ஆயுர்வேத நூல்கள் ‘அர்த்தாவபேதகம்’ என்றன. அதிலும் அர்த்தம் என்றால் பாதி. நாம் ஒற்றை என்கிறோம். நெற்றிப்பொட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டு இருட்டு அறையில் படுத்திருக்கும் ஒருவரைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் முதலில் கண்ணில் பட்டது அந்த ஒரு பக்கம்தான்.

ஆறாம் படி: அகராதியில் உறுதிசெய்யுங்கள்

ஊகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அகராதி பார்க்காமல் எழுதாதீர்கள். பிரெஞ்சு மொழியின் பெரும் அகராதியான ‘த்ரெசோர்’, 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக வந்தது. இப்போது நான்சி நகரிலுள்ள ஆய்வு மையத்தின் சி.என்.ஆர்.டி.எல். இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் சொற்பிறப்புப் பகுதி இருக்கும். அதில் ஒரு வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அது எந்த ஏட்டிலும் கிடைக்காத, அறிஞர்கள் கணித்த வடிவம் என்று பொருள். அதைக் கிடைத்த சொல் போல மேற்கோள் காட்டக்கூடாது.

எமில் லித்ரேயின் பழைய அகராதியையும் ஒரு கண் பாருங்கள். அவர் மருத்துவம் படித்தவர். பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரடீசின் நூல்களைக் கிரேக்கத்திலிருந்து பிரெஞ்சுக்கு 1839 முதல் 1861 வரை 10 தொகுதிகளாகக் கொண்டுவந்தவர். மருத்துவச் சொல்லில் அவர் கைபட்ட இடம் தெரியும். லத்தீனுக்கு காஃபியோவின் அகராதி, கிரேக்கத்துக்கு பாயியின் அகராதி. இந்த நான்கும் போதும்.

சொல்லை உண்டாக்கியவர் யார் என்று தெரிந்த சொற்களும் உண்டு. 1816-இல் பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லாயெனெக், ஒரு பெண்ணின் மார்பில் நேரடியாகக் காது வைக்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். அதிலிருந்து பிறந்த கருவிக்கு ‘ஸ்டெதோஸ்’ (மார்பு), ‘ஸ்கோபெயின்’ (நோக்கு) என்ற கிரேக்கத் துண்டுகளை ஒட்டிப் பெயர் வைத்தார். காதால் கேட்கும் கருவிக்குப் பார்வையின் பெயர்! கேட்டுச் சோதிப்பதற்கோ ‘காதுகொடுத்துக் கேள்’ என்ற பொருள்கொண்ட லத்தீன் ‘அவுஸ்குல்தாரே’யிலிருந்து வந்த சொல்லைப் பயன்படுத்தினார். ஈரல் சுருக்க நோய்க்கு ‘சிரோஸ்’ என்று பெயரிட்டவரும் அவர்தான். ‘கிர்ரோஸ்’ என்றால் பழுப்பு மஞ்சள். அந்த ஈரலின் நிறம்.

தவறக்கூடிய இடங்கள்

‘எமி’ பாதி, ‘எமோ’ இரத்தம். ‘இப்போ’ கீழே, ‘இப்பேர்’ மேலே. கடைசி இரண்டும் அவசரத்தில் மாறிப்போனால் குறைந்த இரத்த அழுத்தம் உயர் இரத்த அழுத்தமாகிவிடும். மருந்துச் சீட்டில் எழுத்து தெளியவில்லை என்றால் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

எல்லாத் துண்டும் ஒரே மொழியாக இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். இரத்த அழுத்தச் சொல்லிலேயே முன்பாதி கிரேக்கம், பின்பாதி லத்தீன். குடல்வால் அழற்சியில் உறுப்பின் பெயர் லத்தீன், வால் கிரேக்கம்.

வேர் தெரிந்துவிட்டால் நோய் தெரிந்துவிட்டது என்று எண்ணுவது இன்னும் பெரிய தவறு. தமனிக்குரிய கிரேக்கச் சொல் ‘ஆர்தேரியா’ முதலில் காற்றுக்குழாயைக் குறித்தது. பிணத்தை அறுத்தபோது தமனிகள் வெறுமையாக இருந்ததால், அவற்றில் காற்று ஓடுவதாகப் பலர் நம்பினார்கள். பெயர் நின்றது, நம்பிக்கை போயிற்று. மிக்ரேனும் அப்படித்தான். பெயர் பாதி என்று சொன்னாலும் பலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். அதனால் அது மிக்ரேன் இல்லை என்று ஆகாது.

இப்போது அக்காவின் கடிதத்தை நீங்களே படியுங்கள். செஃபலே: கெஃபலே, தலை. எமிக்ரானியென்: பாதி மண்டைக்குரிய. ஃபோத்தோஃபோபி: ஒளி, அச்சம். ஃபோனோஃபோபி: ஒலி, அச்சம். கூட்டுச்சொற்களான கடைசி மூன்றிலும் தமிழ் வரிசை மாறவில்லை. நோசே என்ற குமட்டலுக்குள் ஒரு கப்பல் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘நாவ்ஸ்’ கப்பல். முதலில் கடல் பயணத்தில் வரும் ஒங்கரிப்புக்குத்தான் அந்தப் பெயர். புல்சத்தில் என்பது லத்தீன் ‘புல்சாரே’, அடி, இடி என்பதிலிருந்து வந்தது. இதைச் சொன்னபோதுதான் அக்கா நிமிர்ந்து பார்த்தார். மருத்துவர் லத்தீனில் தேடிப்போட்ட அந்த இடி, அவர் சின்ன வயதிலிருந்து சொல்லிவரும் தலையிடிக்குள்ளேயே இருக்கிறதல்லவா?

பிறகு ஒரு நாள் மகனுக்குக் காதுவலி என்று மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து, வாசல் பலகையில் இருந்ததைக் கைபேசியில் படம் எடுத்துக் காட்டினார். ‘ஓத்தோரினோலாரங்கோலோஜி’. எங்கெங்கே ‘ஓ’ வருகிறதோ அங்கெல்லாம் விரலால் படத்தைத் தொட்டுக்கொண்டே போனார்.

“காது… மூக்கு… தொண்டை… கடைசியில படிப்பு. சரிதானே தம்பி?”